என் பேரில் ஒரு டெம்போ

டெம்போ வாங்கலாம் என்பது என்னுடைய யோசனை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எல்லாரும் என்னைத்தான் சொன்னார்கள். யோசனை என் வீட்டுக்காரருடையது. அவர் டெல்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். மாற்றலாகிப் போகிறவர்களும் ஓய்வு பெற்று ஊருக்குப் போகிறவர்களும் சாமான் ஏற்றிய செலவுக்குக் கொடுக்கும் பில்களைச் சரிபார்க்கிற பிரிவில் அவருக்கு மேசை. வருடக்கணக்காக அந்தப் பில்களைப் பார்த்துப் பார்த்து மனுஷனுக்கு வயிற்றெரிச்சல் வந்துவிட்டது.

"அம்புட்டும் டெம்போக்காரனுக்குத்தான் போகுது பாத்துக்கோ" என்பார், ஆபீஸ் பையைக் கீழே வைத்த கையோடு. "ஏளா, அது நம்ம வண்டியா இருந்தா எப்பிடி இருக்கும்?"

நான் காபி ஆற்றிக்கொண்டிருப்பேன். ஆபீசிலிருந்து வருகிற ஆண்கள் ஆயிரம் சொல்வார்கள், சாப்பாடு ஆவதற்குள் மறந்துவிடுவார்கள் என்று நான் பதில் சொல்வதில்லை. இவர் மறக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்சுக்குப் பின்னால் நீல நிறத்தில் ஒரு பழைய டெம்போ வந்து நின்றது. பக்கத்து வீடுகளிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். அது என்னுடைய வண்டி என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

அரசு ஊழியர் தொழில் செய்யக்கூடாது என்று விதி. மனைவி செய்யலாம். செய்தால் அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்துவிட வேண்டும், அவ்வளவுதான். விதி என்றால் என் வீட்டுக்காரருக்கு உயிர். சிவப்பு விளக்கு எரியாத சிக்னலில்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். அதனால், எதற்கென்று கேட்காமல் நான் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் வண்டி என் பேரில் வந்தது. எனக்கோ அப்போது சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

"பேருக்குத்தான் ஒன் பேரு" என்றார். "நான் ரிடையர் ஆகுத வரைக்கும் ஓடட்டும். அதோட வித்துட்டு ஊருக்குப் போயிருவோம்."

பாளையங்கோட்டையில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். அதில் வீடு எழும்ப வேண்டும், அதற்கு டெம்போ உதவ வேண்டும், ஓய்வு பெற்ற அன்றைக்கு டெம்போ போக வேண்டும், நாங்களும் போக வேண்டும். அவர் கணக்கு அது. எனக்கு எந்தக் கணக்கும் இல்லை. மகளுக்குக் கல்யாணமாகிப் புனேக்குப் போயிருந்தாள். பகலெல்லாம் வீட்டில் நானும் ரேடியோவும்தான்.

வண்டி வந்ததே தவிர லோடு வரவில்லை. ஆபீசில் சொல்லி ஆள் பிடிப்பதாகத்தான் அவர் திட்டம். ஆனால் பில் பாஸ் பண்ணுகிற ஆளே "என் வீட்டு வண்டியில் ஏற்றுங்கள்" என்று எப்படிக் கேட்பது? கேட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இது வண்டி வாங்கும் முன்பே தோன்றியிருக்க வேண்டிய விஷயம். வாங்கிய பிறகுதான் தோன்றியது. டிரைவராகச் சேர்ந்த கட்வால் மலைப் பக்கத்து ஆள் தினமும் காலையில் வந்து வண்டியைத் துடைப்பார், பீடி பிடிப்பார், மத்தியானம் "மேடம்ஜி, காம்?" என்று வேலை கேட்பார். வேலை இல்லாத மனிதருக்கு என் சமையலறை ஜன்னல் வழியாக டீ கொடுத்துக் கொடுத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில்தான் நான் வெளியே இறங்கினேன். தொழில் பண்ணுகிற ஆசையெல்லாம் அப்போது இல்லை.

எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் மத்தியானம் பிள்ளைகளைக் கூப்பிட வருகிற பெண்கள் நிற்பார்கள். அங்கே போய் நின்றேன். யார் வீட்டில் யார் ஓய்வு பெறுகிறார், யாருக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது, யார் மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு மெட்ராசுக்கே போகிறார்கள் என்பதெல்லாம் அந்த வாசலில் கிடைத்துவிடும். ஆபீசில் என் வீட்டுக்காரருக்குப் பில்லாக வந்து சேருகிற செய்தி, பல மாதம் முன்னாலேயே அங்கே பேச்சாக ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுக்குப் போட்டி, மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த டெம்போ அட்டா, நம்மூர் டெம்போ ஸ்டாண்டு மாதிரி. அரச மரத்தடியில் வண்டிகள் வரிசையாக நிற்கும். அவர்கள் வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாடகை பேசும்போது குறைத்துச் சொல்வார்கள். பாதி சாமான் ஏறிய பிறகு, "இது என்ன, ஃப்ரிட்ஜ் இருக்கு, கல்லு இருக்கு, இதெல்லாம் சொல்லவே இல்லையே" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். கல்லு என்று அவர்கள் சொல்வது நம் கிரைண்டரை.

நான் வேறு மாதிரி செய்தேன். முதலில் வீட்டைப் போய்ப் பார்த்துவிடுவேன். பெண் பிள்ளை என்பதால் நேரே சமையலறைக்குள் விடுவார்கள். ஒரு வீட்டின் சாமான் எல்லாம் ஹாலில் இருப்பதாக ஆண்கள் நினைக்கிறார்கள். உண்மையான பாரம் சமையலறையிலும் பரணிலும் இருக்கிறது. கிரைண்டர், அதன் குழவி, ஊறுகாய் ஜாடிகள், பித்தளை அண்டா, கொலுப் பொம்மைப் பெட்டி, எதற்கு வைத்திருக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாத பதினாறு முழ ஜமக்காளம். எல்லாம் பார்த்துவிட்டு ஒரே வாடகை சொல்வேன், அதில் மாற்றம் இருக்காது. அப்புறம் காலண்டரைப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை கூடாது, அஷ்டமி நவமி கூடாது, ராகு காலம் எமகண்டம் கூடாது. இது போக, டெல்லியில் சரக்கு வண்டிகளுக்குக் காலையிலும் மாலையிலும் நோ என்ட்ரி. அந்த நேரத்தில் பெரிய சாலையில் தலை காட்டினால் போலீஸ்காரர் சலான் எழுதுவார். நோ என்ட்ரியும் ராகு காலமும் போக மிச்சமிருக்கிற பொந்தில் நாங்கள் ஒரு குடும்பத்தையே ஏற்றி இறக்க வேண்டும்.

டிரைவருக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு வீட்டுக்காரர்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் சும்மா நிற்பார்கள். என்னவென்று கேட்டால் ராகு காலம் என்பார்கள். போகப் போக அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார், ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, "மேடம்ஜி, ராகுகால் கதம்?" முடிந்தது என்று நான் தலையாட்டினால்தான் வண்டி நகரும். சாமி படம் எப்போதும் முன் சீட்டில், அவர் பக்கத்தில் வரும். ஒரு பெரியவர் படத்தோடு சேர்த்து அவருக்கும் திருநீறு பூசிவிட்டார். அதை அவர் சாயங்காலம் வரை அழிக்கவில்லை.

இப்படியே எங்கள் வண்டி தமிழர்கள் மத்தியில் பேர் வாங்கியது. நம்மவர்கள் வண்டி, பொம்மை உடையாது, நேரம் தப்பாது என்றார்கள். மந்திர் மார்க் பக்கமிருந்துகூடக் கூப்பிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் தொலைபேசி அடித்தால் என் வீட்டுக்காரர் எழுந்திருக்க மாட்டார், "ஒனக்குத்தான்" என்பார். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அந்த வீட்டில் எனக்கென்று தொலைபேசி அடித்தது அப்போதுதான்.

அந்தப் பெருமையை ஒரு மாமி உடைத்தார், அவருக்கே தெரியாமல். எங்கள் அடுத்த பிளாக்கில் இருந்தவர். கணவர் ஓய்வு பெற்று நங்கநல்லூர் போகிறார்கள். லாரிக் கம்பெனிக் கிடங்குவரை சாமானைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தோம். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"ஒரு கரண்டி கூட வளையலை. உங்களப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்றேன் பாருங்கோ" என்றார்.

நானும் சிரித்துக்கொண்டு விடைபெற்றேன். திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது. நங்கநல்லூரில் யாரிடம் சொல்வார்? அங்கே இருக்கிற யாருக்கு லக்ஷ்மிபாய் நகரில் டெம்போ வேண்டும்? யோசித்துப் பார்த்தேன். அதுவரை ஏற்றிய குடும்பங்களில் முக்கால்வாசி டெல்லியைவிட்டே போனவை. பள்ளிக்கூட வாசலில் என்னோடு நின்று பேசியவர்களில் பலர் இப்போது இல்லை, ஏனென்றால் நானே அவர்களை ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஒரு மளிகைக் கடைக்காரன் சாமான் வாங்க வருகிறவனையெல்லாம் ஊரைவிட்டே அனுப்பிவைத்தால் கடை எத்தனை நாள் நடக்கும்? நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், அதுவும் நல்ல நேரம் பார்த்து.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதனால என்ன? எப்பிடியும் நாம போகும்போது விக்கத்தான போறோம்" என்றார்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சில் சுருக்கென்றது. விற்கப் போகிறோம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். அந்த வண்டி எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அதன் சத்தம் தெருமுனையில் கேட்டால் எனக்குத் தெரியும். முன் சீட்டில் உட்கார்ந்து போகும்போது டெல்லி எனக்கு வேறு ஊராகத் தெரியும். அது வரை நான் பார்த்த டெல்லி, பஸ் ஜன்னல் இடுக்கில் பார்த்ததுதான். இதை விற்றுவிட்டுப் பாளையங்கோட்டையில் போய் நான் என்ன செய்வேன் என்று முதல் தடவையாகப் பயம் வந்தது.

அதோடு ஆடியும் வந்தது. நம்மவர்கள் ஆடியில் வீடு மாற மாட்டார்கள். மாதம் முழுக்க வண்டி குவார்ட்டர்ஸ் பின்னால் மழையில் நனைந்துகொண்டு நின்றது. டிரைவருக்கு நம்பவே முடியவில்லை. "ஒருத்தர்கூடவா? மாசம் முழுக்கவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது சரிதான். ரோட்டில் பார்த்தால் மெத்தையும் கட்டிலும் கூலருமாக டெம்போ டெம்போவாகப் போய்க்கொண்டிருக்கிறது. டெல்லிக்கு ஆடி கிடையாது. டெல்லியில் தொழில் வைத்துக்கொண்டு காலண்டரை மட்டும் திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்திருந்தோம். இப்படி ஒரு புத்திசாலித்தனம் எங்களுக்குத்தான் வரும்.

ஒரு நாள் மழை விட்டதும் சேலையை மாற்றிக்கொண்டு அட்டாவுக்குப் போனேன். அரச மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அட்டாவின் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பிரதான்ஜி என்று கூப்பிடுவார்கள். பெரிய உடம்பு, வெள்ளை மீசை, கையில் எப்போதும் டீ கிளாஸ். அட்டாவில் எல்லாம் நம்பர்தான். காலையில் எந்த வரிசையில் நிற்கிறாயோ அந்த வரிசையில் லோடு. யாரும் யாரையும் முந்தக் கூடாது. ஆனால் வரிசையில் நிற்பதற்கே அட்டாவில் இடம் வேண்டும்.

எனக்கும் ஒரு நம்பர் வேண்டும் என்று என் இந்தியில் கேட்டேன். சுற்றி நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மரியாதையாக, சகோதரி என்றுதான் கூப்பிட்டார்.

"பெஹன்ஜி, இடம் இல்லை. யாராவது வண்டியை விற்றால்தான் நம்பர் காலியாகும்" என்றார். "உங்களுக்கு எதற்கு? மதராசிகள் எல்லாம் உங்களிடம்தானே வருகிறார்கள்."

"அவங்க எல்லாம் போய்க்கிட்டே இருக்காங்க பிரதான்ஜி" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் டீ கிளாஸைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். பிறகு, வரிசையில் இருக்கிறவர்கள் யாரும் போக மாட்டேன் என்கிற லோடு ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். முனிர்கா. அந்தப் பேரைக் கேட்டதும் மறுபடியும் சிரிப்பு. ஏன் என்று அங்கே போன பிறகுதான் புரிந்தது.

முனிர்கா ஒரு பழைய கிராமம். டெல்லி அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது. இரண்டு பெரிய கல்வி நிறுவனங்கள் பக்கத்தில் இருப்பதால் படிக்கிறவர்கள், வேலை தேடுகிறவர்கள் எல்லாம் அங்கேதான் அறை எடுப்பார்கள். சந்துகளில் டெம்போ நுழையாது. முனையில் நிறுத்திவிட்டு, எருமைக்கு வழிவிட்டு, தலைக்கு மேல் தொங்குகிற மின்கம்பிக்குக் குனிந்து, நாலு மாடி ஏற வேண்டும். சாமானோ ஒரு கட்டில், ஒரு பக்கெட், மிச்சமெல்லாம் புத்தகம். புத்தகத்தைப் போலப் பாரமான சாமான் உலகத்தில் இல்லை. டிரைவர் என்னை முறைத்தார்.

அன்று ஏற்றியது ஒரு தமிழ்ப் பையனுடைய சாமான், தஞ்சாவூர்ப் பக்கம். கலெக்டர் ஆகிற பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். எனக்கு வாய் சும்மா இருக்குமா? ஆடி மாதத்தில் மாறுகிறாயே, ராகு காலமாவது பார்த்தாயா என்று கேட்டேன்.

"ஓனர் காலம்தான் ஆன்ட்டி" என்றான். "பதினோரு மாசம் முடிஞ்சிருச்சு. வாடகையை ஏத்திட்டாரு. அடுத்த சந்துல பாத்துட்டேன்."

அப்போதுதான் எனக்கு அந்தப் பதினோரு மாதத்தைப் பற்றித் தெரிந்தது. குவார்ட்டர்சில் இருக்கிற நமக்கு அது தெரிய வாய்ப்பில்லை. டெல்லியில் வீட்டுச் சொந்தக்காரர்கள் பதினோரு மாதத்துக்குத்தான் ஒப்பந்தம் போடுவார்கள். முடிந்ததும் வாடகை ஏறும், அல்லது ஆள் மாறும். சந்து முனையில் டெம்போவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மாடி மாடியாக நிமிர்ந்து பார்த்தேன். ஒவ்வொரு ஜன்னலிலும் துணி காய்கிறது. அத்தனை பேரும் பதினோரு மாதத்துக்கு ஒரு முறை நகர வேண்டியவர்கள், அதுவும் டெல்லிக்குள்ளேயே. எனக்கு ஓடிப்போய் ஒவ்வொரு கதவையும் தட்ட வேண்டும்போல இருந்தது.

கொஞ்ச நாளில் தட்டவும் செய்தேன். முதலில் தமிழ்ப் பிள்ளைகள், அவர்கள் அறையில் கூட இருக்கிற மலையாளி, பிகாரி, மணிப்பூர்ப் பிள்ளைகள். "ஆன்ட்டி டெம்போ" என்று பேர் வந்தது. சொன்ன நேரத்துக்கு வண்டி நிற்கும், கடைசிப் பக்கெட் மேலே போகிறவரை நானும் சந்து முனையில் நிற்பேன். பெண் பிள்ளைகள் அதனாலேயே என்னைக் கூப்பிட்டார்கள். ராகு காலத்தை நான் மனசுக்குள் மட்டும் பார்த்துக்கொண்டேன், பிறகு அதையும் விட்டேன். ராகு சலான் எழுத மாட்டார், நோ என்ட்ரிக்காரர்கள் எழுதுவார்கள் என்று டிரைவரிடம் சொன்னேன். மனிதர் சிரித்து முடிக்க வெகு நேரமாயிற்று.

ஜெயித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். முனிர்காவில் லோடு இருக்கிறது என்று தெரிந்ததும் அட்டா வண்டிகளுக்கு மூக்கில் வேர்த்தது. என்னைவிடக் குறைத்துக் கேட்டார்கள். சந்து முனையில் எனக்கு இடம் விடாமல் வண்டியை நிறுத்தினார்கள். நான் போகிறேன் என்று சொல்லிவைத்த லோடை, நான் போய்ச் சேர்வதற்குள் ஏற்றிக்கொண்டு போனதும் உண்டு. அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து பாத்திரத்தை உருட்டுவேன். சில மாதங்கள் நன்றாக ஓடும், சில மாதங்கள் டிரைவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். ஆனாலும் வண்டி நிற்கவில்லை. முனிர்காவில் பக்கெட்டோடு ஏறிய பிள்ளைகள் வேலை கிடைத்து, குர்காவுனுக்கும் நொய்டாவுக்கும் சோபாவும் வாஷிங் மெஷினுமாக மாறினார்கள். அப்போதும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவர்களுக்காகக் குர்காவுன் வழியெல்லாம் எனக்கும் டிரைவருக்கும் மனப்பாடமாயிற்று.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரரின் ஓய்வும் நெருங்கியது. பாளையங்கோட்டையில் வீடு எழும்பிவிட்டது. ஊரிலிருந்து போட்டோ வந்தது, வாசலில் இரண்டு வாழைக்கன்று. அவர் அந்தப் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். அவர் ஆசையிலும் தப்பில்லை. சின்ன வயசிலிருந்து குளிரிலும் வெயிலிலும் பஸ் பிடித்து, மேலே இருக்கிறவனுக்கெல்லாம் எழுந்து நின்று, இந்த ஊரில் அவர் ஒரு நாளும் ஆற அமர உட்கார்ந்ததில்லை. தாமிரபரணித் தண்ணீரில் குளித்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. நானோ ஒவ்வொரு லோடு ஏறும்போதும் இது இன்னும் எத்தனை நாளைக்கு என்று நினைத்துக்கொள்வேன். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன்.

ஓய்வு பெற்ற வாரத்தில் ஒரு மத்தியானம் அவர் வெளியே போய்விட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதத்தை வைத்தார்.

"பிரதான்ஜிகிட்ட பேசி முடிச்சிட்டேன். வண்டிய அவரே எடுத்துக்கிடுதாராம். நீ இங்கன ஒரு கையெழுத்துப் போடணும்" என்றார்.

இரண்டு பேரும் அரச மரத்தடியில் டீ குடித்துக்கொண்டே பேசி முடித்திருக்கிறார்கள். எனக்கு யாரும் டீ கொடுக்கவில்லை. நான் அப்போது மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். விற்பவர் என்ற இடத்தில் என் பேர் டைப் அடித்திருந்தது.

"நான் விக்கல" என்றேன்.

அவருக்கு முதலில் காதில் விழாதது போல இருந்தது. "என்ன சொல்லுத?"

"வண்டி என் பேருல இருக்கு. நான் விக்கல."

"பேருக்குத்தானளா ஒன் பேருல வச்சது?"

"அட்டாவுல போயி அத்தன பேரு சிரிக்க நின்னது பேரா? முனிர்கா சந்துல மழையில நின்னது பேரா? நான்லா நின்னேன்!" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பின்பக்கம் வண்டி துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் துடைப்பதை நிறுத்திவிட்டார். "நீங்க ஒரு நாளாவது அந்த வண்டியில ஏறியிருக்கீயளா?"

அவர் ஏறியதில்லை. அரசு ஊழியர் ஏறக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. இருந்தும் ஏறியதில்லை.

"அப்பம் ஊருக்கு வரலையா நீ?" என்று கேட்டார். அவர் குரல் இறங்கிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"வண்டிய விட்டுட்டு வரமாட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. உள்ளே போய் மிச்ச மாவைக் கரைத்தேன்.

அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் டிரைவரிடம் இந்தியில் சொல்வார், டிரைவர் என்னிடம் இந்தியில் சொல்வார். மகள் புனேயிலிருந்து போன் பண்ணி, "அம்மா, இந்த வயசுல என்னம்மா பிடிவாதம்?" என்றாள். ஊரிலிருந்து அவருடைய அக்கா போன் பண்ணி இன்னும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். டெம்போவுக்காகப் புருஷனை விட்டவள் என்று எங்கள் சொந்தத்தில் இன்றும் ஒரு பேர் இருக்கிறது. எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொன்னது யார் என்றால், வண்டியை வாங்க வந்த பிரதான்ஜிதான். நான் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

"வாங்க முடியாத வண்டியை அட்டாவுக்கு வெளியே விட்டுவைக்கக் கூடாது பெஹன்ஜி. வாடகையைக் குறைத்து எங்களைக் கொன்றுவிடுவீர்கள்" என்றார். "காலையில் வந்து வரிசையில் நில்லுங்கள். கடைசி நம்பர் உங்களுடையது."

குவார்ட்டர்சைக் காலி செய்யும் நாள் வந்தது. முனிர்காவில், சந்துக்குள் நுழைகிற இடத்திலேயே, முதல் மாடியில் எனக்கு ஒரு அறை பார்த்துவிட்டேன். சாமானை இரண்டாகப் பிரித்தேன். எத்தனையோ குடும்பத்தைக் கட்டி அனுப்பியவள், என் வீட்டுச் சாமானில் எது அவருக்கு எது எனக்கு என்று தெரியாமல் திண்டாடினேன். கிரைண்டரை அவருக்கு வைத்தேன். ஊரில் யார் அரைத்துப் போடுவார்கள் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே குழவியைத் துணியில் சுற்றினேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாமான் மட்டும் லாரிக் கிடங்குக்குப் போயிற்று. நல்ல நேரம் பார்த்துத்தான் அனுப்பினேன், அவருக்கு அது முக்கியம்.

அவரை நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு டெம்போவில்தான் கூட்டிப்போனோம். ஆட்டோ பிடிக்கிறேன் என்று தெருவில் போய் நின்றவர், பெட்டியை ஏற்கெனவே டிரைவர் வண்டியில் வைத்துவிட்டதைப் பார்த்து வேறு வழியில்லாமல் முன் சீட்டில் ஏறினார். நான் நடுவில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அவ்வளவு உயரத்திலிருந்து அவரும் டெல்லியைப் பார்த்ததில்லை.

பெட்டியை ஏற்றி, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, புளியோதரைப் பொட்டலத்தை மடியில் வைத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போக மனசில்லை. ரயில் கிளம்பப் போகிறது என்று அறிவித்தார்கள். அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். வாரக்கணக்கில் பேசாதவர்.

"நாளைக்கு லோடு இருக்கா?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அவர் அதை ஒரு நாளும் கேட்டதில்லை.

"ரெண்டு இருக்கு" என்றேன்.

"பெரிய வீடா?"

"ஒண்ணு மூணாவது மாடி. குர்காவுனுக்குப் போகுது."

"அப்பம் காலையிலயே கிளம்பணும்லா. நேரத்தோட தூங்கு" என்றார். ரயில் நகர்ந்தது. தலையை வெளியே நீட்டிக் கையாட்டினார், நானும் கண் மறைகிறவரை ஆட்டினேன்.

மறுநாள் எனக்கு ஒரு லோடும் இல்லை.